அருளம்பலம் (ரஷ்யா)

யாரும் போகாத இடத்துக்குப் போக வேண்டும் என்பது அருளம்பலத்தின் வெகுநாள் ஆசை. பார்க்க வேண்டும் என்றல்ல. போக வேண்டும், போனதைச் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் வயிறெரிய வேண்டும். மொன்றியல் தமிழர்களில் பாரிஸ் போகாதவர் கிடையாது. லண்டனுக்குக் கலியாணவீடுகளுக்காகவே வருசம் இரண்டு தரம் பறக்கிறார்கள். காசிக்குப் போய்வந்தவர்களை எண்ணப் புறப்பட்டால் கோயில் மண்டபம் போதாது. மூத்தோர் மன்றத்தில் மாதக் கடைசி ஞாயிறு யாராவது ஒருவர் திரையில் படம் காட்டிப் பயண அனுபவம் சொல்லுவார், மற்றவர்கள் மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு நித்திரை கொள்ளுவார்கள். அந்தத் திரையில் இதுவரை விழாத நாடு ரஷ்யா ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்த அன்று அருளம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம், சென் பீற்றர்ஸ்பேர்க், குழுவோடு பதினான்கு நாள் சுற்றுலா. விசா ஒட்டிய பாஸ்போட் கைக்கு வந்த அன்றே அதைப் படமெடுத்து மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பிறகு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றவர்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

"பீற்றர் எண்ட ராசா கடலோரச் சதுப்பில கட்டின நகரம். துறைமுகம். முந்நூறு வருசத்துச் சரித்திரம். உங்கட பாரிஸ் மாதிரி மூலைக்கு மூலை எங்கட ஆக்கள் நிக்கிற இடமில்லை, விளங்குதோ?"

விளங்காமல் என்ன! ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வு பெற்று, 'சுகாதாரத் துறையில் இருந்தனான்' என்று சொல்லித் திரிகிற மனுசன். அவர் சொன்னால் விளங்கித்தானே ஆக வேண்டும்?

மன்றம் பிரியாவிடை வைத்தது, பொன்னாடை போர்த்தியது. பதினான்கு நாள் சுற்றுலாவுக்குப் பொன்னாடை எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. அருளம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்தார். மன்றத் தலைவர் ரதீசன் முந்திய வருசம் ரோமுக்குப் போக வெளிக்கிட்டுத் தேதியை மாறிப் பார்த்து விமானத்தை விட்டவர், பாவம். "சிலபேர் விமானத்துக்குக் கைகாட்டி அனுப்பிப்போட்டு வீட்டை வந்து படுக்கிறவை. நான் அப்பிடி ஆளில்லை" என்றார் அருளம்பலம். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ரதீசனும் சிரித்தார், வேறென்ன செய்ய?

கடைசி வரிசையில் கைலேஞ்சியை வாயில் பொத்தி இருமிக்கொண்டிருந்தார் அரியரத்தினம். அருளம்பலத்தின் சொந்த அண்ணன், ஏழு வயது மூத்தவர். தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான், கோட்-டெ-நெய்ஜில் தன்னுடைய ஒற்றை அறையில் பாதியைக் கொடுத்தவரும் அவர்தான். அவர் அதை ஒரு நாளும் யாருக்கும் சொன்னதில்லை. தம்பியும் சொன்னதில்லை, ஆனால் அதற்குக் காரணம் வேறு.

உண்மையைச் சொன்னால் ரஷ்யா என்ற யோசனையே அண்ணனுடையது. அரியரத்தினம் இளவயதில் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் கிளார்க். அங்கே ஒருதரம் ஒரு ரஷ்யக் கப்பல் வந்து ஒன்பது நாள் நின்றது. அதில் வந்த மாலுமி ஒருவன் அவருக்குத் தன் ஊர்ப் படம் ஒன்றைக் காட்டினான். ஆற்றின் நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்கிற பாலம். அதற்குள்ளால் கப்பல் போகிறது. நாற்பத்தைந்து வருசமாக அந்தப் படம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. முழங்கால் இரண்டும் பழுதாகி, நெஞ்சும் பழுதான பிறகு, போகும் கதையை அவர் விட்டுவிட்டார். அருளம்பலம் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார்.

பிரியாவிடை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் அண்ணன் தம்பியின் கையைப் பிடித்தார்.

"அருள், அந்தப் பாலம் சாமத்திலதான் திறக்குமாம். ஏலுமெண்டா ஒரு படம் எடுத்து அனுப்படா."

"இன்ரநெற்றில வேண்டிய மட்டும் கிடக்குதே அண்ணை."

"அது ஆரோ எடுத்தது. நீ எடுத்தாயெண்டா நான் போன மாதிரி."

அந்த மனுசன் தம்பியிடம் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றுதான்.

இனி அந்தப் பையின் கதைக்கு வருவோம். பயணம் சனிக்கிழமை. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, சனிக்கிழமை கிழக்கே சூலம், ரஷ்யா கிழக்கே அல்லவா இருக்கிறது என்று ஒரு போடு போட்டார். விமானக்காரன் சூலம் பார்த்து நாள் மாற்றுவானா? அதற்கும் வழியிருக்கிறது என்றார் ஐயர். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பயணப் பை ஒன்றை மட்டும் வீட்டை விட்டு வெளியேற்றிக் கிழக்குப் பக்கமாக வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் போதும், பயணம் அன்றைக்கே தொடங்கிய கணக்கு. பிறகு சனியென்ன ராகுவென்ன, எது வந்தாலும் ஒன்றும் செய்யாது. பையில் பயணத்துக்கு முக்கியமான பொருள் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயணத்துக்கு ஆக முக்கியமான பொருள் எது? அருளம்பலம் நன்றாக யோசித்தார். யோசித்து, தன்னுடையதும் கூட வரும் மனைவியுடையதுமாக இரண்டு பாஸ்போட்டையும் சிவப்புப் பட்டுத்துணியில் சுற்றி, திருநீற்றுப் பொட்டலத்தோடு பையில் வைத்து, ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருந்த சுதாஜினியின் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். சுதாஜினி அவருடைய மனைவி சிவநேசத்தின் அக்கா மகள், குழந்தைகள் காப்பகத்தில் வேலை.

சனிக்கிழமை பின்னேரம் விமான நிலையத்தில் கவுண்டர்ப் பெண் "பொன்ஜூர்" என்று சிரித்துப் பாஸ்போட் கேட்டாள். அருளம்பலம் மனைவியைப் பார்த்தார். மனைவி அருளம்பலத்தைப் பார்த்தாள்.

"சுதா இஞ்ச கொண்டுவருவாள் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார் அவர்.

"நீங்கள் வெள்ளிக்கிழமையே போய் எடுத்திட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்!"

தொலைபேசியில் சுதாஜினி, நீங்கள் போகிற வழியில் வந்து எடுப்பீர்கள் என்று பையைச் சாமித்தட்டுக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறேன், பூக்கூட வைத்தேன் என்றாள். ராக்சி பிடித்து ஓடினார்கள். மொன்றியலில் ஜூலை மாதம் பாலத்தைக் கடப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியும், தெருவெல்லாம் வீதி வேலைக்காரர் வைத்த செம்மஞ்சள் கூம்பு. பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றபோது அருளம்பலத்தின் தலைக்கு மேலால் ஒரு விமானம் கிழக்கே போனது. அது அவருடைய விமானமாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அடுத்த இருக்கை புதன்கிழமைதான் என்றான் விமானக்காரன். சிவநேசம் அதற்கும் சம்மதிக்கவில்லை. தடங்கல் வந்த பயணத்தைத் திரும்பத் தொடங்கக் கூடாதாம். "சூலத்தை ஏமாத்தப் பாத்தம், அது எங்களை ஏமாத்திப்போட்டுது. பேசாமல் வீட்டை போவம் வாங்கோ" என்றாள்.

வீட்டுக்கா? பக்கத்து வீட்டிலேயே மன்றப் பொருளாளர் குடியிருக்கிறார். ரதீசன் எந்த முகத்தோடு சிரிப்பார் என்பதை அருளம்பலம் மனக்கண்ணில் பார்த்துவிட்டார். சுதாஜினி வீட்டின் கீழ்த்தளத்துப் பேஸ்மன்றில் ஒரு ராத்திரி தங்குவோம் என்றார். ஞாயிறு மத்தியானம் ரதீசனிடமிருந்து குழுவில் செய்தி வந்தது. 'பயணம் இனிதே அமைய வேண்டும். இறங்கியதும் அறியத் தரவும்.' அதற்குக் கீழே நாற்பத்தாறு கும்பிடு. அருளம்பலம் பெருவிரலால் ஒரேயொரு சொல் அடித்தார். 'இறங்கிவிட்டோம்.'

அடித்தாயிற்று. இனி எங்கே ஏறுவது?

உண்மையாகப் போயிருந்தால் அருளம்பலம் சென் பீற்றர்ஸ்பேர்க்கை இவ்வளவு நன்றாகப் பார்த்திருக்க மாட்டார். பஸ்ஸில் நித்திரை கொண்டிருப்பார், சோறு எங்கே கிடைக்கும் என்று தேடியிருப்பார், ஒவ்வொரு அரண்மனைக்கும் முன்னால் நின்று அதை மறைத்துக்கொண்டு படம் எடுத்திருப்பார். புரோசார்ட் பேஸ்மன்றில், வோஷிங் மெஷினுக்கும் பழைய சைக்கிளுக்கும் இடையில், அவர் அந்த நகரத்தைத் தெருத் தெருவாகப் படித்தார். பச்சை வெள்ளை மாரிக்கால அரண்மனை, தங்கம் பூசின கோபுரங்கள், நேவா ஆற்றுத் தீவுகள், ராசாமாரைப் புதைத்த கோட்டை. இரண்டு கைக்கடிகாரம் கட்டினார். ஒன்றில் மொன்றியல் நேரம், மற்றதில் ஏழு மணித்தியாலம் கூட்டிய நேரம். காலையும் மாலையும் குழுவுக்குக் குரல் செய்தி போனது.

"அரண்மனைக்குள்ள முப்பது லட்சம் சாமானாம். ஒவ்வொண்டா நிண்டு பாத்தா ஆயுசு காணாது. நான் முக்கியமானதுகளைப் பாத்திட்டன்."

ஒரு நாள் அப்படி அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் குப்பை லொறி பீப் பீப் என்று பின்னால் எடுத்தது. அது என்ன சத்தம் என்று ஒருவர் குழுவில் கேட்டார். "துறைமுகம் எல்லோ, கப்பல் பின்னுக்கு எடுக்கிறாங்கள்" என்றார் அருளம்பலம், கொஞ்சமும் தடுமாறவில்லை. கப்பலுக்கு அப்படிச் சத்தம் உண்டோ என்று யாரும் கேட்கவில்லை. எழுபது வயதில் யாருக்கு அதெல்லாம்?

அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் என்பது அவருக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. எந்த நேரத்திலும் படம் எடுக்கலாம். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு சுதாஜினியின் காரில் ஆற்றங்கரைக்குப் போய், கம்பளிக் கோட்டை மாட்டி, சென் லோரன்ஸ் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவி முப்பத்திரண்டு பாகை வெயிலில் வியர்த்து ஒழுகும் மனுசனைப் பார்த்துப் பயந்து, "சா வா, மிசியே?" என்று சுகம் விசாரித்தாள். "மெர்சி, மெர்சி" என்று அவளைக் கலைத்துவிட்டு அவர் சிரித்தார். 'நேவா நதிக்கரையில், இரவு பத்து மணி' என்று படம் குழுவுக்குப் போனது. எழுபத்திரண்டு கும்பிடு.

"சித்தப்பா, என்ரை கார்டரியில மூண்டு வயசுப் பிள்ளையள்கூட இப்பிடிப் பொய் சொல்லாதுகள்" என்றாள் சுதாஜினி.

"அதுகளுக்கு மன்றம் இல்லை, அதுதான்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. சத்தம் மெலிந்திருந்தது. "பாலம் பாத்தியோடா?" அவ்வளவுதான். பின்னால் கீக் கீக் என்று ஏதோ விட்டு விட்டுக் கேட்டது. அண்ணன் வீட்டில் மச்சாள் மைக்ரோவேவில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று அருளம்பலம் நினைத்தார்.

இன்ரநெற்றில் தேடி ஆக நல்லதாக ஒரு படம் எடுத்தார். இருண்ட நீல வானம், பிளந்து நிற்கிற பாலம், தண்ணீரில் விளக்குகள். சுதாஜினிக்கு மனம் கேட்கவில்லை. "அவர் உங்களையெல்லோ எடுக்கச் சொன்னவர்" என்றாள். "படம் படம்தானே" என்றார் அருளம்பலம். படத்துக்குக் கீழே, 'சாமம் ஒன்றரைக்கு ஆற்றங்கரையில் நின்று என் கையால் எடுத்தது. குளிரில் கை நடுங்கிப்போய்விட்டது' என்று எழுதினார். அந்த நடுங்கின கை தேவையில்லாதது. ஆனால் பொய்யில் ருசி கண்டவனுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "துல்லியமா இருக்கடா அருள். உன்ரை கை நடுங்கேல்லை."

வியாழக்கிழமை காலை புஷ்பவதி மச்சாள் எடுத்தாள், அரியரத்தினத்தின் மனைவி. அழவில்லை, அழுது முடித்த குரல்.

"தம்பி, கொண்ணர் போயிட்டார்."

அருளம்பலம் வோஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை ராத்திரி மூச்செடுக்கேலாமல் போச்சு. அஞ்சு நாளா ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவை. உங்களுக்குச் சொல்லுவமெண்டு எத்தினை தரம் போனை எடுத்தனான், அவர் விடேல்லை. அவன் வாழ்க்கையில ஒருக்கா இப்பிடிப் போயிருக்கிறான், குழப்பாதை எண்டவர். நேற்றுப் பின்னேரம் எல்லாத்தையும் மறந்து, அருள் வந்திட்டானோ எண்டு ரெண்டு தரம் கேட்டவர். வந்திடுவான் எண்டன். வேறை என்ன சொல்ல?"

கோட்-டெ-நெய்ஜில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரி புரோசார்ட்டில் இருந்து காரில் இருபத்தைந்து நிமிடம். கீக் கீக் என்ற சத்தம் எந்த மைக்ரோவேவுடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் குப்பை லொறியைக் கப்பலாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணனும் தன் பங்குக்கு ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் தன் மானத்துக்காக மறைத்தார், மற்றவர் தம்பியின் சந்தோசத்துக்காக மறைத்தார். அருளம்பலம் வாயைத் திறந்தார். மச்சாள், நான் இஞ்சதான் நிக்கிறன் என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடிக்குள் புஷ்பவதி, "அவ்வளவு தூரத்தில இருந்து ஓடிவர வேண்டாம், தம்பி. லைவில பாருங்கோ. அவற்றை விருப்பம் அதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரமே மரண அறிவித்தல் வந்துவிட்டது. காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும், மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட அரியரத்தினம், அன்னாரின் பிள்ளைகள், மருமக்கள், அவர்களுக்குப் பக்கத்தில் வழக்கம்போல அடைப்புக்குறிக்குள் நாடு. கனடா, லண்டன், சுவிஸ். சகோதரர் வரிசையில் 'அருளம்பலம் (ரஷ்யா)' என்று இருந்தது. எந்தப் புண்ணியவானோ அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டு எழுதியிருக்கிறான்.

"சந்தோசம்தானே?" என்றாள் சிவநேசம். "உங்களை அங்கயே குடியேத்திப்போட்டாங்கள். அழியாது, காலத்துக்கும் கிடக்கும்." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கனடாவுக்கு வந்த முதல் மாரிக்கு அவளுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர் அந்த அத்தான்தான்.

வெள்ளிக்கிழமை ரதீசன் எடுத்து, ரஷ்யாவில் இருந்து ஒரு இரங்கலுரை பேசி அனுப்பும்படி கெஞ்சினார். வேறு வழி தோன்றாத அருளம்பலம் ஒரு திரைச்சீலைக்கு முன்னால் நின்று பேசினார். 'கண்காணாத தேசத்தில் நின்று' என்று தொடங்கினார். இப்படியும் ஒரு வாய் இருக்குமா! கண்ணீர் மட்டும் உண்மையாக வந்தது.

சனிக்கிழமை மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். புரோசார்ட் பேஸ்மன்றில் மூன்று பேரும் மடிக்கணினிக்கு முன்னால் இருந்து நேரலை பார்த்தார்கள். மலர்ச்சாலைத் திரையில் அருளம்பலத்தின் உரை ஓடியது. மண்டபத்தில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. தன்னுடைய முகம் தன் அண்ணனுடைய பிணத்துக்கு மேல் நாலு முழ அகலத்தில் நின்று பொய் சொல்லுவதை அவர் புரோசார்ட்டில் இருந்து பார்த்தார். யாருக்கும் அந்தத் தண்டனை வரக்கூடாது.

பிறகு ரதீசன் ஒலிவாங்கியில் பேசினார். "தம்பி எடுத்து அனுப்பின பாலத்துப் படத்தை அண்ணர் கடைசிவரைக்கும் கையில வைச்சிருந்தவர். வாற நேர்ஸ்மாருக்கெல்லாம் காட்டி, இது என்ரை தம்பி எடுத்தது, என்ரை தம்பி எடுத்தது எண்டு பிரெஞ்சில சொல்லிக்கொண்டிருந்தவராம்."

புஷ்பவதி எழும்பி வந்தாள். பெரிதாக அச்சடித்த அந்தப் படத்தைக் கணவனின் கைகளுக்குக் கீழே, வேட்டிக் கரைக்கு மேலே, சரிவு பார்த்து வைத்தாள். எந்த ஊர்ப் படக்காரன் எடுத்ததோ, அவனுக்குத் தெரியுமா தன் படம் யாருடைய நெஞ்சில் ஏறியிருக்கிறது என்று? சுதாஜினி எழும்பி மேலே போய்விட்டாள். அருளம்பலம் கணினியை மூடப் போனார். "மூடாதேங்கோ, பாருங்கோ" என்றாள் சிவநேசம்.

ஞாயிறு கிரியை நாள். காலை எட்டு மணிக்கு அவள் வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றாள்.

"நான் போறன். நீங்கள் ரஷ்யாவிலயே இருங்கோ."

அருளம்பலம் நாலு நாள் தாடியோடு, கசங்கின வேட்டியோடு, அவளுக்குப் பின்னால் ஓடிவந்து காரில் ஏறினார். எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லி அண்ணனின் காலடியில் விழுந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். மானம் போகட்டும். ரதீசன் சிரிக்கட்டும். பாலத்தில் அன்றைக்கு வாகன நெருக்கடி இல்லை. இருபத்திரண்டு நிமிடத்தில் மலர்ச்சாலை வந்துவிட்டது. அந்த இருபத்திரண்டு அவரை எதைவிடவும் கூடக் குத்தியது.

வாசலில் நின்றவர்கள் அவரைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு ஒரு கூக்குரல் எழுந்தது. "ஐயோ, அருளம்பலம் அண்ணை வந்திட்டார்! ரஷ்யாவில இருந்து வந்திட்டார்!"

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. தாடியும் சிவந்த கண்ணும் யாருக்கும் வேறு அர்த்தம் தரவில்லை. ஏயாப்போட்டில் இருந்து நேரே வருகிறார் என்றார் ஒருவர். மூன்று விமானம் மாறி வந்தாராம் என்றார் இன்னொருவர், அவருக்கு அதை யார் சொன்னது என்று தெரியவில்லை. பெண்கள் சிவநேசத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர் அருளம்பலத்தின் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சகோதர பாசம் என்றால் இதுவல்லவா!

தேவாரம் முடிய அவரே ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். கை நடுங்கியது. இந்தத் தரம் உண்மையாகவே.

"நான் ரஷ்யாவுக்குப் போகேல்லை" என்றார். "பாஸ்போட்டை விட்டிட்டு விமானத்தைத் தவறவிட்டனான். வெக்கத்தில ஒளிச்சிருந்தனான். இந்த எட்டு நாளும் புரோசார்ட்டிலதான் இருந்தனான். அந்தப் படம் நான் எடுத்ததில்லை. அண்ணை இஞ்ச கிடந்து மூச்சுக்குத் துடிக்கேக்க நான்…" பாதியில் நிறுத்திப் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

ரதீசன் மெல்ல வந்து அவருடைய தோளை அணைத்துக்கொண்டார். ஒலிவாங்கியை வாங்கினார். அந்த மனுசனுடைய கண் கலங்கியிருந்தது, அதில் ஒரு துளி கள்ளமில்லை.

"பாருங்கோ. ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்திருக்கிறார். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. அண்ணனுக்குப் பக்கத்தில இருக்கேல்லையே எண்ட வேதனையில என்ன கதைக்கிறார் எண்டு அவருக்கே தெரியேல்லை. புரோசார்ட் எண்டிறார், ஒளிச்சிருந்தன் எண்டிறார். அண்ணை, உங்களை ஒருத்தரும் குறை சொல்லேல்லை. இருங்கோ, தண்ணி குடியுங்கோ."

"இல்லை ரதீசன், மெய்யாத்தான்…"

"ஓம் அண்ணை, ஓம். எல்லாருக்கும் விளங்குது. இருங்கோ."

ஒருவர் கதிரை கொண்டுவந்தார், இன்னொருவர் விசிறினார். பின்வரிசையில் பெண்கள் விம்மினார்கள். எட்டு நாளாக அவர் அவிழ்த்துவிட்ட புளுகு அத்தனையையும் ஒரு கேள்வியில்லாமல் நம்பிய சனம், வாழ்க்கையில் முதல் தரம் அவர் உண்மை சொன்னபோது நம்ப மறுத்துவிட்டது.

புஷ்பவதி மட்டும் அழவில்லை. பெட்டியின் தலைமாட்டில் இருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போட அருளம்பலம் கிட்டே போனபோது அண்ணனின் கைகளுக்குக் கீழே அந்தப் பாலம் பிளந்து நின்றது. அவர் அதை எடுக்கக் கை நீட்டினார். புஷ்பவதி அந்தக் கையைப் பிடித்தாள்.

"புரோசார்ட்டோ?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"ஓம் மச்சாள்."

"முழுக்க?"

"முழுக்க."

அவள் கையை விட்டாள். படத்தின் ஓரம் சற்று விலகியிருந்தது, அதைத் திரும்ப நேராக்கினாள். "அவர் நம்பிக்கொண்டு போயிட்டார். இது அவரோடயே போகட்டும்" என்றாள்.

அந்த நேரம் ரொறொன்ரோவில் இருந்து ஒரு குடும்பம் தாமதமாக வந்து சேர்ந்தது. அரியரத்தினத்தின் பழைய துறைமுகச் சிநேகிதர் ஒருவர், மனைவி, மகள். இவர் யார் என்று அந்தச் சிநேகிதர் கேட்டார். அருளம்பலம் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவதி எழுந்தாள். மண்டபத்தின் கடைசிக் கதிரைக்கும் கேட்கும் குரலில், அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இவர்தான் அவற்றை தம்பி. செய்தி கேட்ட உடனை எல்லாத்தையும் விட்டிட்டு ரஷ்யாவில இருந்து ஓடிவந்தவர். சொல்லுங்கோ தம்பி, எவ்வளவு தூரம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருளம்பலம் கைகளைக் கூப்பினார்.

"ஓம்," என்றார், "சரியான தூரம்."